பலகாரம் சுட்ட எண்ணெயும் ரத்தக் குழாயின் செல்களும்

எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி எப்போதும் இருக்கும். பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயை வடிகட்டி அம்மா அதில்தான் ஊற்றி வைப்பார். மறுநாள் தாளிக்க, அதற்கு மறுநாள் அப்பளம் பொரிக்க, ஞாயிற்றுக்கிழமை மீன் வறுக்க என்று அந்த எண்ணெய் ஒரு வாரம் ஓடும். குறைந்தால் மேலே புது எண்ணெய் சேரும். அது காலியாகி நான் பார்த்ததே இல்லை. எண்ணெய் விலை தெரிந்த பல வீடுகளில் இதுதான் வழக்கம். சிக்கனமாக வாழ்ந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். "எண்ணெய்ப் பலகாரமா சாப்பிட்டு குழாய்க்குள்ள எண்ணெய் படிஞ்சிடுச்சு" என்றார் பெரியப்பா. "ரீஃபைண்ட் எண்ணெயை விட்டுடுங்க, செக்கு எண்ணெய்னா எத்தனை தடவை காய்ச்சினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "பாக்கெட்லயே கொலஸ்ட்ரால் இல்லைன்னு போட்டிருக்கே, அப்புறம் எப்படி?" என்று கேட்டார் அத்தை. எல்லாம் அக்கறையில் வந்த பேச்சு. ஆனால் ஒன்றுகூடச் சரியில்லை.

அப்பாவுக்கு வந்ததற்கு அந்தத் தூக்குச்சட்டிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சர்க்கரை இருந்தது, பல வருடம் புகைபிடித்தார். ஆனாலும் மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெய்க்கும் ரத்தக் குழாய் நோய்க்கும் உள்ள தொடர்பு உண்மையானது. அது "படிஞ்சிடுச்சு" என்ற ஒரு சொல்லில் அடங்குகிற தொடர்பு இல்லை. நடுவில் செல்கள் இருக்கின்றன. அவை என்ன செய்கின்றன என்று தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது புரியும்.

அடைப்பு எங்கே உண்டாகிறது?

குழாய் என்றதும் நமக்குப் பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய்தான் நினைவுக்கு வருகிறது. அதில் பிசுக்கு உள்பக்கத்தில் ஒட்டும், ஒட்ட ஒட்ட வழி குறுகும். நம் உடலில் நடப்பது வேறு. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்க்குத் தமனி என்று பெயர். அதன் சுவர் உயிருள்ளது. கொழுப்பு சேர்வது அந்தச் சுவரின் மேல் இல்லை, சுவருக்குள்ளே. மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறி, பெயிண்டுக்கு அடியில் பொருக்கு கட்டி உப்பிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். தமனியின் கொழுப்புத் திட்டும் ஏறக்குறைய அப்படித்தான். மேலே ஒரு மெல்லிய உறை, அடியில் வீக்கம்.

அந்த மெல்லிய உறைக்கு எண்டோதீலியம் என்று பெயர். ஒரே ஒரு செல் கனம்தான். தரையில் ஓடு பதித்தது போலத் தட்டையான செல்கள் நெருக்கமாக அமைந்து, உடலின் எல்லா ரத்தக் குழாய்களுக்கும் உள்பக்க விரிப்பாக இருக்கின்றன. விரிப்பு என்றாலும் சும்மா கிடப்பதில்லை. ரத்தத்திலிருந்து எது சுவருக்குள் போகலாம் என்று பார்ப்பதும், ரத்த அணுக்கள் ஒட்டாமல் வழவழப்பாக வைத்திருப்பதும் அதன் வேலை. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை நொடிக்கு நொடி சுரந்து, அடியில் இருக்கும் தசையைத் தளர்த்திக் குழாயை விரியச் செய்வதும் அதுதான். இந்த வாயுவின் பங்கைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எண்டோதீலியத்துக்கு அடியில் ஒரு குறுகிய இடைவெளி, அதற்கும் அடியில் தசை அடுக்கு. நம் கதை முழுக்க அந்தக் குறுகிய இடைவெளியில்தான் நடக்கிறது.

ஆக, அடைப்பு என்பது குழாயின் உள்ளே ஒட்டிய அழுக்கு என்று நினைப்பதை விட்டுவிடலாம். உயிருள்ள சுவருக்குள் பல வருடம் எடுத்து வளரும் வீக்கம் அது. வாசலில் நிற்பது எண்டோதீலியம்.

சட்டிக்குள் எண்ணெய்க்கு என்ன ஆகிறது?

இப்போது அடுப்புக்கு வருவோம். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் மூன்று நீள வால்கள் உண்டு. ஒவ்வொரு வாலும் ஒரு கொழுப்பு அமிலம், அதாவது கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. சில சங்கிலிகளில் அடுத்தடுத்த இரண்டு கார்பன்கள் ஒற்றைக் கைக்குப் பதில் இரட்டைக் கையாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு இரட்டைப் பிணைப்பு என்று பெயர். இரட்டைப் பிணைப்பே இல்லாதது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் அதுதான். இரண்டும் அதற்கு மேலும் இருந்தால் பன்மடி நிறைவுறாக் கொழுப்பு. சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் இது பாதிக்கு மேல்.

இரட்டைப் பிணைப்பை ஒட்டிய இடம்தான் சங்கிலியின் பலவீனமான இடம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கேதான் வந்து கடிக்கும். இரும்பு துருப்பிடிப்பது போல எண்ணெய்க்கும் ஒரு துரு உண்டு. அதற்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். டப்பாவில் நாள்பட்ட எண்ணெயில் வரும் சிக்கு வாடை அதனால்தான். அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் நடப்பது, பலகாரம் பொரியும் 170, 180 டிகிரி செல்சியஸில் நிமிடக்கணக்கில் நடக்கிறது. அது சங்கிலித் தொடராகப் பரவும் வினை. துருப்பிடித்த ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறையும் இழுக்கும்.

அதனால்தான் பழைய எண்ணெயோடு புது எண்ணெய் சேர்க்கும் வழக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாலில் ஒரு கரண்டி மோர் ஊற்றினால் பால் முழுதும் உறைகிறதே, அதே தர்க்கம். பழையதில் இருக்கும் துருவின் விதைகள் புதிய எண்ணெயைச் சீக்கிரம் கெடுத்துவிடும். பார்வைக்கு நிறம் வெளிறி நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

துருப்பிடித்த சங்கிலிகள் அப்புறம் உடையும். உடைந்த துண்டுகளில் முக்கியமானவை ஆல்டிஹைடுகள். மற்ற மூலக்கூறுகளோடு சட்டென்று போய் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ள சிறிய துண்டுகள் இவை. அடுப்படியில் கண்ணையும் மூக்கையும் எரிய வைக்கும் புகையில் இருக்கும் அக்ரோலின் ஒரு ஆல்டிஹைடு. இன்னொன்றுக்கு ஹைட்ராக்சிநானினல் என்று பெயர். சூரியகாந்தி, சோயா, நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாவற்றிலும் இருக்கும் லினோலியிக் அமிலம் உடையும்போது இது பிறக்கிறது. இந்தப் பெயரை நினைவில் வைக்கத் தேவையில்லை. "ஒட்டிக்கொள்ளும் துண்டு" என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆக்சிஜன் மட்டுமே காரணம் இல்லை. மாவிலும் காயிலும் இருக்கும் தண்ணீர் சட்டியில் ஆவியாகும்போது எண்ணெயின் வால்களை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட வால்கள் கூடக்கூட எண்ணெய் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கும். இன்னொரு பக்கம், சில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிதாகின்றன. எண்ணெய் கெட்டியாகி, பொங்கி நுரைப்பது இதனால். வாணலியின் வெளிவிளிம்பில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசின் இருக்குமே, அது இப்படிக் கைகோத்துப் போன எண்ணெய்தான். பொங்கும்போது ஒரு துளி புளி போட்டால் நுரை அடங்கும் என்பது பாட்டி காலத்துக் கைவேலை. நுரை அடங்கும், ஆனால் உடைந்த சங்கிலி ஒட்டாது. வடிகட்டுவதும் அப்படித்தான். கருகிய மாவுத் துணுக்கு போகும், அது நல்லதே. எண்ணெயில் கரைந்துவிட்டதை எந்தத் துணியும் பிடிக்காது.

சுருக்கமாகச் சொன்னால், புது எண்ணெயும் பத்து முறை காய்ந்த எண்ணெயும் ஒரே பொருள் இல்லை. இரண்டாவதில் துருப்பிடித்த கொழுப்பு, உடைந்த துண்டுகள், பிசின் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. இவற்றை மொத்தமாக அளக்க ஒரு கணக்கு உண்டு, அதற்கு மொத்த முனைவுச் சேர்மங்கள் என்று பெயர்.

எண்ணெயின் பெயரை வைத்து முடிவு கட்டலாமா?

இங்கேதான் பேச்சு அதிகம் தடம் மாறுகிறது. செக்கு எண்ணெயா, ரீஃபைண்ட் எண்ணெயா என்று சண்டை போடுகிறோம். எத்தனை முறை, எவ்வளவு நேரம் காய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நல்லெண்ணெயில் செசமோலின் என்றொரு பொருள் இருக்கிறது. சூட்டில் அது செசமோலாக மாறித் துருவைத் தடுக்க உதவும். எள்ளின் உண்மையான சிறப்பு இது. ஆனால் தடுக்கும் பொருள் செலவாகிக்கொண்டே இருக்கும், தீர்ந்த பிறகு நல்லெண்ணெயும் மற்ற எண்ணெயைப் போலத்தான். தேங்காயெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு குறைவு, அதனால் சட்டியில் அது நன்றாகத் தாங்கும். அதே நிறைவுற்ற தன்மைதான் ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டவும் செய்கிறது. சட்டியில் நிலைத்து நிற்பதும் உடலுக்கு நல்லதாக இருப்பதும் ஒன்றில்லை.

புகை வரும் வெப்பநிலையைப் பார்த்து எண்ணெய் வாங்கச் சொல்வோரும் உண்டு. சுத்திகரித்த புது எண்ணெய் அதிகச் சூட்டில்தான் புகையும் என்பது சரியே. ஆனால் ஆல்டிஹைடுகள் உண்டாகப் புகை வர வேண்டிய அவசியம் இல்லை. புகைக்கு வெகு முன்பே உண்டாகும். கொலஸ்ட்ரால் இல்லை என்ற வாசகமும் அப்படித்தான். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. அது விலங்குகளின் கொழுப்பில் இருப்பது. அத்தையின் கேள்விக்கு இதுதான் பதில். ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடலே தயாரிக்கிறது.

இன்னொரு நம்பிக்கை, எண்ணெயைத் திரும்பக் காய்ச்சினால் எல்லாம் டிரான்ஸ் கொழுப்பாக மாறிவிடும் என்பது. கொஞ்சம் மாறும். ஆனால் டிரான்ஸ் கொழுப்பு பெருமளவில் வந்தது வனஸ்பதி வழியாக. அதற்கு இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீத வரம்பு இருக்கிறது. காய்ந்த எண்ணெயில் நாம் கவலைப்பட வேண்டியது துருவைப் பற்றித்தான்.

வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு

சரி, இந்தத் துருப்பிடித்த கொழுப்பு குடலைத் தாண்டுமா? நியாயமான கேள்வி. வயிற்றிலேயே அழிந்துவிட்டால் தமனிக்கு என்ன வந்தது?

ரசத்தில் நெய் விட்டால் மேலே வட்டமாக மிதக்கும், கலக்காது. ரத்தமும் தண்ணீர்தான், கொழுப்பு அதில் தானாகக் கரையாது. அதனால் உடல் கொழுப்பைப் புரத உறையில் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. சாப்பிட்ட கொழுப்பைக் குடல் கட்டும் பெரிய பொட்டலத்துக்குக் கைலோமைக்ரான் என்று பெயர். கொலஸ்ட்ராலை உடல் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறிய பொட்டலம் எல்.டி.எல்., மருத்துவர் சீட்டில் கெட்ட கொழுப்பு என்று நாம் படிப்பது.

1990-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இலோனா ஸ்டாப்ரன்ஸ் குழுவினர் இதை மனிதர்களிடமே சோதித்தார்கள். ஆக்சிஜனேறிய எண்ணெயை உணவோடு கொடுத்து, பிறகு ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். கைலோமைக்ரான் பொட்டலங்களுக்குள் ஆக்சிஜனேறிய கொழுப்பு இருந்தது. உணவில் கூடியபோது பொட்டலத்திலும் கூடியது.

உடல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. குடலிலும் கல்லீரலிலும் ஆல்டிஹைடுகளைப் பிடித்து முடக்கும் நொதிகள் இருக்கின்றன. அதனால் எப்போதோ ஒரு நாள் சாப்பிட்ட பஜ்ஜியைக் கண்டு மிரள வேண்டாம். தினமும் காலையில் வடை, மாலையில் பஜ்ஜி, அதுவும் வாரம் ஓடிய எண்ணெயில் என்றால் நிலைமை வேறு.

சுவருக்குள் வந்து சேரும் செல்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

எல்.டி.எல். பொட்டலம் மிகச் சிறியது. எண்டோதீலியத்தைத் தாண்டி அந்தக் குறுகிய இடைவெளிக்குள் போய்வருவது சாதாரணமாக நடப்பதே. ரத்தத்தில் எல்.டி.எல். கூடுதலாக இருந்தால், உள்ளே போனதில் ஒரு பகுதி அங்குள்ள நார்ப்பொருளில் சிக்கித் தங்கிவிடும். தங்கியது மெல்லத் துருப்பிடிக்கும். இது எண்ணெய் சாப்பிடாதவருக்கும் நடக்கும்.

துருவின் வாடை பட்டதும் எண்டோதீலியச் செல் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. அதுவரை வழவழப்பாக இருந்த மேற்பரப்பில் கொக்கி போன்ற புரதங்களை நீட்டுகிறது. நைட்ரிக் ஆக்சைடு சுரப்பது குறைகிறது. செல்லைப் பொறுத்தவரை இது ஆபத்துக்கால நடவடிக்கை. உள்ளே ஏதோ கெட்டுக் கிடக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்ற அழைப்பு.

அழைப்பைக் கேட்டு வருபவை மோனோசைட்டுகள், ரத்தத்தில் சுற்றும் ஒரு வகை வெள்ளையணுக்கள். கொக்கியில் மாட்டி நின்று, ஓடுகளின் இடுக்கு வழியாகச் சுவருக்குள் நுழைகின்றன. நுழைந்ததும் உருமாறி மேக்ரோபேஜ் ஆகின்றன. மேக்ரோபேஜ் என்றால் பெருந்தீனிச் செல் என்றே சொல்லலாம். கிருமி, செத்த செல், குப்பை எதுவானாலும் விழுங்கிச் சுத்தம் செய்வது அதன் தொழில்.

இந்த இடத்தில் அறிவியலாளர்களையே குழப்பிய ஒரு புதிர் இருந்தது. தமனித் திட்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தால், கொழுப்புத் துளிகள் நிரம்பிச் சோப்பு நுரை போலத் தெரியும் செல்கள் குவிந்திருக்கும். இவற்றுக்கு நுரைச் செல்கள் என்று பெயர். இவற்றில் பல கொழுப்பு உண்ட மேக்ரோபேஜ்களே. ஆனால் ஆய்வகத்தில் மேக்ரோபேஜுக்குச் சாதாரண எல்.டி.எல்.-ஐ எவ்வளவு கொடுத்தாலும் அது நுரைச் செல்லாக மாறவில்லை. 1979-இல் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் அவர்களுடைய சகாக்களும் ஒன்றைக் கவனித்தார்கள். எல்.டி.எல்.-இன் புரத உறையை வேதியியல் முறையில் சற்றே மாற்றிக் கொடுத்தால் மேக்ரோபேஜ் அதை அளவில்லாமல் விழுங்குகிறது. எல்.டி.எல். செல்லுக்குள் நுழையும் வாசலைக் கண்டறிந்ததற்காக அவ்விருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் உடலுக்குள் அந்த மாற்றத்தைச் செய்வது எது? 1980-களில் கலிஃபோர்னியாவில் டேனியல் ஸ்டைன்பெர்க் குழுவினர் விடை சொன்னார்கள்: ஆக்சிஜனேற்றம். அந்தக் குழுவில் இந்தியாவில் பிறந்த உயிர்வேதியியலாளர் சம்பத் பார்த்தசாரதிக்கு முக்கியப் பங்கு உண்டு. ஒட்டிக்கொள்ளும் துண்டுகள் என்று முன்பு சொன்னேனே, அவை எல்.டி.எல்.-இன் புரத உறையில் ஒட்டிக்கொண்டு அதன் முகவரிச் சீட்டை அழித்துவிடுகின்றன. முகவரி இருக்கும் பொட்டலத்தை உடலின் செல்கள் தேவைக்கு ஏற்ப வாங்கும், போதுமென்றால் கதவை மூடிக்கொள்ளும். முகவரி அழிந்ததோ மேக்ரோபேஜின் கண்ணுக்குக் குப்பை. குப்பையை வாங்கும் வாசலுக்குப் போதும் என்ற கணக்கே கிடையாது. தின்றுகொண்டே போய் நுரைச் செல்லாகி, நகர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆக்சிஜனேறிய லினோலியிக் அமிலம் இன்னொரு வேலையும் செய்கிறது. மேக்ரோபேஜின் மேற்பரப்பில் குப்பை வாங்கும் வாசல்களின் எண்ணிக்கையையே கூட்டிவிடுகிறது. தின்னத் தின்ன வாய் பெரிதாவது போல. செல் வளர்ப்புச் சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது செல் ஒன்று இருக்கிறது, தமனியின் நடு அடுக்கிலுள்ள மென்தசைச் செல். வேலை பார்க்கும் இடத்தில் சண்டை நடப்பதை உணர்ந்ததும் அது சுருங்கி விரியும் வேலையை விட்டுவிட்டு உள் இடைவெளிக்கு நகர்ந்து, பெருகி, நார்களைச் சுரந்து நுரைக் குவியலின் மேல் ஒரு மூடி போடுகிறது. பாதுகாப்புக்காகப் போடும் மூடி. அடியில் நுரைச் செல்கள் செத்துக் குழம்பாகிக்கொண்டே வரும். மூடி மெலிந்து ஒருநாள் கிழிந்தால், ரத்தம் அந்தக் குழம்பைத் தொட்டதும் உறைந்துவிடும். பல மாரடைப்புகள் அந்த நிமிடத்தில் நடப்பவை. கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்து நின்றுபோவதாக நாம் நினைப்பதால்தான், "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்" என்று திகைக்கிறோம்.

திரும்பிப் பார்த்தால்: எண்டோதீலியம் அழைக்கிறது, மோனோசைட் நுழைந்து மேக்ரோபேஜ் ஆகிறது, முகவரி இழந்த கொழுப்பைத் தின்று நுரைச் செல்லாகிறது, மென்தசைச் செல் மேலே மூடி போடுகிறது. ஒவ்வொரு செல்லும் தன் கடமையைத்தான் செய்கிறது. பழைய எண்ணெய் கொண்டுவரும் துருவோ இந்தச் சங்கிலியின் பல கண்ணிகளை ஒரே நேரத்தில் முடுக்கிவிடுகிறது.

முயலிலும் எலியிலும் மனிதரிலும் பார்த்தது

ஸ்டாப்ரன்ஸ் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், கொலஸ்ட்ரால் கலந்த தீனி தின்ற முயல்களில் ஒரு கூட்டத்துக்கு ஆக்சிஜனேறிய எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவற்றின் பெருந்தமனியில் கொழுப்புக் கோடுகள் மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் கம்சியா ஜாரின் குழுவினர் செய்தது நம் அடுப்படிக்கு இன்னும் நெருக்கமானது. பாமாயிலையும் சோயா எண்ணெயையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பொரித்து, ஒரு முறை, ஐந்து முறை, பத்து முறை என்று காய்ச்சி எலிகளுக்கு மாதக்கணக்கில் கொடுத்தார்கள். பலமுறை காய்ந்த எண்ணெய் தின்றவற்றுக்கு ரத்த அழுத்தம் கூடியது. தமனிச் சுவரில் அந்தக் கொக்கிப் புரதங்களும் கூடின.

மனிதரில் எனக்கு மறக்காத ஆய்வு 1999-இல் நியூசிலாந்திலிருந்து வந்தது. 10 ஆண்கள். ஒரு நாள் உணவகத்தில் பொரித்துப் பழசான கொழுப்பில் செய்த உணவு, இன்னொரு நாள் அதே அளவு புதுக் கொழுப்பில் செய்தது. கையில் ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்தி, பிறகு திறந்துவிட்டால், ஆரோக்கியமான தமனி விரிந்து கொடுக்கும். எண்டோதீலியம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் வழி அது. புதுக் கொழுப்பு சாப்பிட்ட பிறகு விரிவு குறையவில்லை. பழைய கொழுப்புக்குப் பிறகு 5.9 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதத்துக்கு இறங்கியது, அதுவும் ஒரே வேளை உணவில். சிறிய ஆய்வுதான், சில மணி நேரத்து மாற்றம்தான். ஆனாலும் முயலில் பார்த்த அதே செல் நம்மிடமும் அதே போல் முகம் சுளிக்கிறது என்பதைக் காட்டிவிட்டது.

இதைப் படித்ததும், துருவைத் தடுக்கும் வைட்டமின் மாத்திரை போட்டால் போதுமே என்று தோன்றும். 2000-இல் வெளியான ஹோப் என்ற பெரிய மருத்துவப் பரிசோதனையில் வைட்டமின் ஈ மாத்திரை மாரடைப்பைக் குறைக்கவில்லை. எல்.டி.எல்.-இன் அளவைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளோ குறைக்கின்றன. எனவே மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து யாரும் நினைக்காதீர்கள். சுவருக்குள் எவ்வளவு பொட்டலம் போகிறது என்பதுதான் முதல் கணக்கு. துரு அதன் மேல் ஏறும் சுமை.

கடையிலும் வீட்டிலும்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பொரிக்கும் எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியை 2018 ஜூலையிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதே வருடம் ருகோ என்ற திட்டத்தையும் தொடங்கினார்கள். கடைகளில் பழசான எண்ணெயை விலைக்கு வாங்கி பயோடீசல் தயாரிக்கும் நிறுவனங்களிடம் சேர்ப்பது அதன் வேலை. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் எண்ணெய்க் கணக்கும் வைத்திருக்க வேண்டும். தெருமுனை பஜ்ஜிக் கடைக்காரர் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார். அவரிடம் மீட்டரும் கிடையாது. அங்கே நம் கண்தான் மீட்டர். எண்ணெய் டிக்காஷன் நிறத்தில் இருந்தால், மாவு போடாமலே நுரைத்தால், சட்டி புகைந்துகொண்டே இருந்தால், வேறு கடை பாருங்கள்.

வீட்டில் செய்வது கடினமில்லை. எண்ணெய் புகையும் வரை காய விடாதீர்கள். பொரித்து முடித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள், அடுத்த ஈடு வரை சும்மா காய்ந்துகொண்டிருக்க வேண்டாம். செம்பும் இரும்பும் துருவை முடுக்குபவை என்பதால் மீந்த எண்ணெயை அந்தப் பாத்திரங்களில் விட்டு வைக்காதீர்கள். சாதாரணத் தாளிப்பைக் கண்டு பயம் வேண்டாம். புது எண்ணெய் ஒரு நிமிடம் காய்வதற்கும் ஒரு வாரம் காய்வதற்கும் மலையளவு வித்தியாசம்.

ஆனால் மீந்த எண்ணெயில் தாளிப்பதுதான் நான் பார்த்ததிலேயே கெட்ட வழக்கம். வடை சுடும்போது எண்ணெயில் பெரும்பகுதி சட்டியிலேயே நின்றுவிடுகிறது. தாளிக்கும்போது ஊற்றியது அத்தனையும் குழம்போடு வயிற்றுக்குள் போகிறது. அதாவது, அதிகம் கெட்டுப்போன எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் சாப்பிடுகிறோம்.

அம்மாவிடம் இந்த ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டேன். "அப்ப மிஞ்சின எண்ணெயை என்னடா பண்றது, கொட்டவா?" என்றார். கொட்டுவது அவருக்கு முடியாத காரியம். அதனால் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வழி தேடினோம். பெரிய வாணலி பரணுக்குப் போனது. இப்போது குழிவான சின்ன வாணலியில் கால் லிட்டர் ஊற்றி, வடையை மூன்று மூன்றாகப் போட்டு எடுக்கிறார். முன்பைவிட அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. கடைசியில் நிற்கும் இரண்டு கரண்டி எண்ணெயைப் பழைய செய்தித்தாளில் ஒற்றி எடுத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்.